எதை முதலில் ஏற்றுவது: ஜாங்கோவையா, லைப்ரரிகளையா?

திருப்பூர் பனியன் கம்பெனி ஒன்றுக்காக நாங்கள் எழுதிய அப்ளிகேஷன், பைத்தான் மொழியில் இணைய அப்ளிகேஷன் எழுதுவதற்கான ஃபிரேம்வொர்க்கான ஜாங்கோவின் 3.2 பதிப்பில் ஓடிக்கொண்டிருந்தது. நூல் வந்து இறங்கியது, நிட்டிங்குக்குப் போனது, டையிங்கில் இருந்து எந்த லாட் எத்தனை கிலோ திரும்பியது, பவர்டேபிளில் எத்தனை பீஸ் நிற்கிறது, எந்தப் பெட்டி தூத்துக்குடிக்குக் கிளம்பியது என்று எல்லாமே அதில்தான் பதிவு. அது ஒரு மணி நேரம் நின்றால் டெலிவரி சலான் போட முடியாது. சலான் இல்லாமல் வண்டி கேட்டைத் தாண்டாது.

ஜாங்கோ 3.2-க்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2024 ஏப்ரலோடு நின்றுவிட்டன. நீண்டகால ஆதரவுள்ள அடுத்த பதிப்பு 4.2. அதற்கும் அடுத்தது 5.2, இதற்கு 2028 ஏப்ரல் வரை ஆதரவு உண்டு. ஆகவே போய்ச் சேர வேண்டிய ஊர் எது என்பதில் குழப்பமில்லை. எந்த வழியில் போவது என்பதில்தான் அவிநாசி ரோட்டில் இருக்கும் எங்கள் சின்ன ஆபீசில் ஒரு வாரம் வாக்குவாதம் நடந்தது. அந்த வாக்குவாதத்தில் வந்த வழிகளைத்தான் இங்கே எடை போடுகிறேன். ரெயில்ஸ், லாராவெல் என்று வேறு ஃபிரேம்வொர்க்கில் இருப்பவர்களுக்கும் பெயர்கள்தான் மாறும்.

ஜாங்கோவால் பெரிய தொல்லை இல்லை. ஒவ்வொரு பதிப்பிலும் எது போனது, எது மாறியது என்று அவர்களே விவரமாக எழுதி வைத்திருக்கிறார்கள். நம் கோடை, அதாவது நாம் எழுதிய நிரலை, நாம் திருத்திக்கொள்ளலாம். தலைவலி முழுக்க நாம் எழுதாத கோடில்தான், அதாவது மற்றவர்கள் எழுதி நாம் எடுத்துப் பயன்படுத்தும் லைப்ரரிகளில்.

முதலில் மரத்தைப் பார்க்க வேண்டும்

எந்த லைப்ரரி, எந்தப் பதிப்பு என்று பட்டியல் போடும் எங்கள் ரிக்வயர்மெண்ட்ஸ் கோப்பு, யாரோ ஒரு நாள் பைத்தானின் இன்ஸ்டால் கருவியான பிப்பில் ஃப்ரீஸ் அடித்துக் கொட்டியது. நாங்களாகக் கேட்டு வாங்கியவை இருபதுக்குள்தான் இருக்கும். அவற்றின் வாலைப் பிடித்துக்கொண்டு வந்தவை அதைப் போல மூன்று மடங்கு. எல்லாம் ஒரே பட்டியலில் அகர வரிசையில் கலந்து கிடந்தன. பிப்டெப்ட்ரீ என்ற கருவி எது எதன் மூலம் வந்தது என்பதை மரமாகக் காட்டும். ரிவர்ஸ் என்று கேட்டால் தலைகீழாகவும் காட்டும். எந்த வழியில் போனாலும் இதைப் பார்க்காமல் இறங்கக் கூடாது என்பதற்கு எங்கள் எக்செல் கதையே போதும்.

பையர் அனுப்பும் ஆர்டர் ஷீட் எக்செலில் வரும்: ஸ்டைல், கலர், சைஸ் வாரியாக எண்ணிக்கை. அதைப் படிக்க எக்ஸ்எல்ஆர்டி 1.2 வைத்திருந்தோம். 2020 டிசம்பரில் வந்த எக்ஸ்எல்ஆர்டி 2.0 பழைய எக்ஸ்எல்எஸ் கோப்புகளை மட்டும்தான் படிக்கும், எக்ஸ்எல்எஸ்எக்ஸைக் கைவிட்டுவிட்டது. பையர்கள் அனுப்புவதோ எக்ஸ்எல்எஸ்எக்ஸ். சரி, 1.2-ஐ அப்படியே பூட்டி வைத்துவிடுவோம் என்று விட்டோம். ஓடிக்கொண்டும் இருந்தது.

இப்போது ஜாங்கோ 5.2 குறைந்தது பைத்தான் 3.10 கேட்கிறது. பைத்தான் 3.9-லேயே கெட்இட்டரேட்டர் என்ற பழைய மெத்தடை எடுத்துவிட்டார்கள். எக்ஸ்எல்ஆர்டி 1.2 அதைத்தான் தேடிக்கொண்டு போய் விழுகிறது. அதுவும் எப்போதும் விழாது. டிஃபியூஸ்ட்எக்ஸ்எம்எல் என்ற இன்னொரு லைப்ரரி பக்கத்தில் இருந்தால் மட்டும் விழும். எங்கள் ஜூனியர் பையனின் லேப்டாப்பில் ஓடியது, சர்வரின் நகலில் ஓடவில்லை. டிஃபியூஸ்ட்எக்ஸ்எம்எல்லை நாங்கள் யாரும் கேட்கவே இல்லையே என்று மரத்தைத் தலைகீழாகப் பார்த்தோம். அட்மின் பக்கத்துக்காகப் போட்ட ஜாங்கோ இம்போர்ட்-எக்ஸ்போர்ட், டேப்லிப்பைக் கூட்டி வந்திருக்கிறது. டேப்லிப் ஓடிஎஃப்பையைக் கூட்டி வந்தது. அது டிஃபியூஸ்ட்எக்ஸ்எம்எல்லை. கல்யாணத்துக்குக் கூப்பிட்டவரோடு கூட வந்தவரோடு கூட வந்தவர், பந்தியில் சண்டை போட்ட கதை.

ஜாங்கோவுக்கும் எக்ஸ்எல்ஆர்டிக்கும் நேரடியாக ஒரு சம்பந்தமும் கிடையாது. ஆனாலும் ஜாங்கோவைத் தொட்டால் ஆர்டர் ஷீட் நிற்கும். தீர்வு, ஓப்பன்பைஎக்செலுக்கு மாறுவது. மாறினோம், பழைய ஜாங்கோவில் இருந்தபடியே. முதல் நாள் மொத்த எண்ணிக்கைக் கட்டத்தில் எண்ணுக்குப் பதிலாக எக்செல் சூத்திரமே எழுத்தாக வந்து நின்றது. கோப்பைத் திறக்கும்போது டேட்டா-ஒன்லி என்று சொல்ல வேண்டும், அப்போதுதான் கடைசியாகக் கணக்கிட்ட மதிப்பைத் தரும். இதை ஜாங்கோ மாற்றத்தோடு சேர்த்துச் செய்திருந்தால், தப்பு ஜாங்கோவிலா, பைத்தானிலா, புது லைப்ரரியிலா என்று தேடவே இரண்டு நாள் போயிருக்கும். கட்டுரையின் மீதி முழுக்க இந்த ஒரு மதியத்தில் கற்றுக்கொண்டதன் விரிவுதான்.

ஒரே தாவல்

எல்லாப் பதிப்பெண்களையும் அழித்துவிட்டு, எல்லாவற்றிலும் புதியதை இன்ஸ்டால் செய்து, உடைவதையெல்லாம் ஒட்ட வைப்பது. ஜூனியர் பையனுக்கு இதில்தான் ஆசை. ஒரு சனிக்கிழமை செய்து பார்க்கட்டும் என்று விட்டோம், பழைய லேப்டாப் ஒன்றில்.

இன்ஸ்டால் சில நிமிடத்தில் முடிந்தது. அதற்குப் பிறகு இம்போர்ட் எரர் மேல் இம்போர்ட் எரர். யுகெட்டெக்ஸ்ட்_லேசி இல்லை, ஃபோர்ஸ்_டெக்ஸ்ட் இல்லை, நல்பூலியன்ஃபீல்டு இல்லை: எல்லாம் ஜாங்கோ 4.0-இல் எடுத்துவிட்டவை. பைட்ஸ் கணக்கில் சின்ன லைப்ரரி ஒன்று அத்தனையையும் பயன்படுத்திக்கொண்டிருந்தது.

இங்கே ஒரு விஷயம் கவனிக்க வேண்டியது. சில லைப்ரரிகள் இந்த ஜாங்கோ பதிப்பு வரைக்கும்தான் என்று மேல் வரம்பு எழுதி வைத்திருக்கும்; நேரம் குறித்து வேலைகளை ஓட்டும் ஜாங்கோ-செலரி-பீட் அப்படி. வரம்பைத் தாண்டினால் இன்ஸ்டால் ஆகும்போதே பிப் நிறுத்திவிடும். எரிச்சலாக இருக்கும், ஆனால் முகத்துக்கு நேரே சொல்லிவிடுகிறது. வரம்பே எழுதாத லைப்ரரிகள்தான் ஆபத்து. எந்த ஜாங்கோவோடும் சிரித்துக்கொண்டே இன்ஸ்டால் ஆகும், ஓடும்போது விழும். அதுவும் மாதக் கடைசியில் ஒரு தடவை மட்டும் ஓடும் ரிப்போர்ட்டில் விழும்.

ஒரே தாவலை முழுக்கத் தள்ளிவிடவும் மாட்டேன். லைப்ரரிகள் ஐந்தாறுதான், கோடைத் தானாகச் சரிபார்க்கும் டெஸ்ட் நன்றாக இருக்கிறது, இரண்டு நாள் நின்றாலும் யாரும் கேட்கமாட்டார்கள் என்றால் இதுவே சீக்கிரம் முடியும். எங்களுக்கு அந்த மூன்றுமே இல்லை. அந்தச் சனிக்கிழமையால் ஒரு லாபம் கிடைத்தது: எங்கெல்லாம் உடையும் என்ற பட்டியல் கைக்கு வந்தது. லேப்டாப்பை அழித்துவிட்டோம், பட்டியலை வைத்துக்கொண்டோம்.

ஜாங்கோ மட்டும் ஏறட்டும், மற்றதைத் தொடாதே

இது கம்பெனி மேனேஜர் அண்ணன் சொன்ன வழி. கோடு எழுதாதவர்களுக்கு இதுதான் நியாயமாகப் படும். "ஓடறதை எதுக்குங் தம்பி நோண்டறீங்க? பழசானதை மட்டும் மாத்துங்" என்றார். மோட்டாருக்குப் பேரிங் மாற்றுவது போல.

2020 நவம்பரில் வந்த பிப் 20.3-க்கு முன்பு இது பெயரளவிலாவது நடந்தது. ஒன்றுக்கொன்று முரணான பதிப்புகளைக்கூட அந்தப் பழைய பிப் முணுமுணுத்துவிட்டு இன்ஸ்டால் செய்துவிடும். 20.3-இல் வந்த புதிய ரிசால்வர், எல்லாருக்கும் ஒத்துவரும் பதிப்புகள் கிடைக்கவில்லை என்றால் முடியாது என்று கையை விரித்துவிடும். அதன் வாயை அடைக்க, துணை லைப்ரரிகளைப் பார்க்கவே பார்க்காதே என்று சொல்லும் நோ-டெப்ஸ் என்ற வழி இருக்கிறது. பிப்புக்குப் பதிலாகப் பயன்படும் யுவி என்ற கருவியில், வரம்பை மீறச் சொல்லும் ஓவர்ரைடு இருக்கிறது. லைப்ரரி எழுதியவர் வரம்பை உயர்த்த மறந்துவிட்டார், ஆனால் கோடு புதிய ஜாங்கோவில் ஓடுகிறது என்று நீங்களே டெஸ்ட் செய்து பார்த்திருந்தால், அந்த ஒரு லைப்ரரிக்கு மட்டும், இன்ன தேதியில் இன்ன காரணத்துக்காக என்று ஒரு வரி எழுதி வைத்துவிட்டு ஓவர்ரைடு போடலாம். மொத்தப் பட்டியலுக்கும் நோ-டெப்ஸ் போடுகிறவர்கள் அடுத்து அந்தக் கோடைப் பார்க்கப் போகிறவரின் சாபத்துக்குத் தயாராக இருக்க வேண்டும்.

லைப்ரரிகள் முதலில், ஜாங்கோ கடைசியில்

நான் வாதாடியது இதற்குத்தான். பழைய ஜாங்கோவில் நின்றுகொண்டே, பழையதிலும் ஓடும் புதியதிலும் ஓடும் பதிப்புக்கு ஒவ்வொரு லைப்ரரியையும் கொண்டுவர வேண்டும். நான் இவற்றைப் பாலம் என்பேன். எல்லாம் பாலத்தில் ஏறியபின் ஜாங்கோவை மாற்றினால், அன்றைக்கு மாறுவது ஒரே ஒரு வரி. உடைந்தால் காரணமும் ஒன்றுதான், திரும்பப் போவதும் ஒரு வரி.

பாலம் பெரும்பாலும் கிடைக்கும். ஏபிஐ எழுத உதவும் ஜாங்கோ ரெஸ்ட் ஃபிரேம்வொர்க்கின் 3.15 பதிப்பு, ஜாங்கோ 3.0 முதல் 5.0 வரை ஆதரவு என்று அறிவித்து வந்தது. ஜாங்கோவுக்கான லைப்ரரி எழுதுகிறவர்கள் பழைய நீண்டகாலப் பதிப்பு ஒன்றையாவது கூட வைத்துக்கொள்வது வழக்கமாகிவிட்டது. பைத்தானிலும் பாலம் உண்டு, அதைத்தான் பலர் கவனிப்பதில்லை: ஜாங்கோ 3.2, 4.2, 5.2 மூன்றுமே பைத்தான் 3.10-இல் ஓடும். ஆகவே முதலில் பைத்தானை 3.10-க்கு ஏற்றிவிட்டால், பயணம் முடியும்வரை தரை மாறாது. பைத்தான் 3.10-க்கே 2026 அக்டோபர் வரைதான் ஆயுள். ஆனாலும் 5.2-இல் போய் உட்கார்ந்தபின் 3.12-க்கு மாறுவது தனி வேலை, சின்ன வேலை.

நடுவில் 4.2-இல் நிற்பது ஏன், நேரே 5.2-க்கே போகலாமே என்று கேட்டார்கள். ஜாங்கோ ஒன்றை நீக்குவதற்கு முன் குறைந்தது இரண்டு பதிப்புகளுக்கு எச்சரிக்கை கொடுக்கும். 3.2-இல் எச்சரிக்கை எதுவும் வராமல் ஓடும் கோடு, நீக்கங்களால் 4.2-இல் உடையாது. 4.2-இல் சுத்தமாக ஓடினால் 5.2-க்கும் அதே கணக்கு. இடையில் 4.2-ஐத் தாண்டிக் குதித்தால், 4.0 முதல் வந்த எச்சரிக்கைகளை நாம் பார்க்கவே மாட்டோம். ஆனால் இந்த எச்சரிக்கைகளைப் பைத்தான் தானாகக் காட்டாது. டபிள்யூ-ஏ என்ற கொடியோடு டெஸ்டை ஓட்ட வேண்டும். ஒவ்வொரு எச்சரிக்கையிலும் கோப்பின் பாதை வரும். சைட்-பேக்கேஜஸ் என்று இருந்தால் லைப்ரரி ஏற வேண்டும், நம் ஃபோல்டர் என்றால் நாம் திருத்த வேண்டும். இன்னொரு குறை, எச்சரிக்கை ஓடிய வரிக்குத்தான் வரும். டெஸ்ட் தொடாத இடம் மௌனமாகவே இருக்கும்.

இந்த வழியின் செலவு நாட்கள். ஒரு நாளில் ஒரு லைப்ரரி, சில நாட்களில் இரண்டு என்று ஆறு வாரம் இழுத்தது. முதலாளியிடம் காட்ட ஒன்றுமே இருக்காது. "இன்னும் 3.2-லதானே இருக்கு" என்பார்கள். ஆமாம், இருக்கும்.

லிஸ்டில் இல்லாத டிபென்டென்சியும், அதாவது நாம் சார்ந்திருப்பதும், உண்டு. போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் வைத்திருந்தால், ஜாங்கோ 4.2-க்கு அதில் குறைந்தது 12-ஆம் பதிப்பு வேண்டும், 5.2-க்கு 14. அதை எந்த ரிக்வயர்மெண்ட்ஸ் கோப்பும் சொல்லாது. போஸ்ட்கிரெஸோடு பேசும் லைப்ரரியான சைக்கோப்ஜி 3-ஐ ஜாங்கோ 4.2 முதல் ஏற்கிறார்கள். ஆனால் பழைய சைக்கோப்ஜி2-வும் ஓடும். அவசியமில்லாததை இந்தப் பயணத்தில் சேர்க்காதீர்கள்.

இரண்டு பட்டியல், ஒரே கோடு

பெரிய கம்பெனிகளில் நடக்கும் வழி இது. கிட்ஹப் தன் மெயின் அப்ளிகேஷனை ரெயில்ஸ் 3.2-இல் இருந்து 5.2-க்குக் கொண்டு போக ஒன்றரை வருடம் எடுத்தது, 2018-இல் முடித்தார்கள். பழைய பட்டியல், புதிய பட்டியல் இரண்டிலும் ஒரே கோடு ஓடும்படி வைத்திருந்து, மற்றவர்கள் வழக்கமான வேலையைச் செய்துகொண்டே இருக்க, அடியில் மாற்றம் நடந்தது. ஷாப்பிஃபையும் இதற்காகவே பூட்பூட் என்று ஒரு கருவி எழுதி வெளியிட்டது.

நாங்கள் நான்கு பேர். கோடு முழுக்க ஜாங்கோ பதிப்பு இதற்கு மேல் என்றால் இப்படி, இல்லாவிட்டால் அப்படி என்று இஃப் போட்டுக்கொண்டிருந்தால் அதைப் பிறகு துடைக்கவே இன்னொரு தீபாவளி வரும். அதனால் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டோம்: எல்லா லைப்ரரிகளின் பதிப்பெண்ணையும் பூட்டி வைக்கும் லாக் கோப்பு இரண்டு, கோடு ஏற்றும்போதெல்லாம் டெஸ்ட் இரண்டிலும் ஓடும், சர்வரில் மட்டும் பழையது. புதியதில் டெஸ்ட் விழுந்து சிவப்பாக வந்தால் கவலையில்லை, சிவப்பு குறைகிறதா என்று மட்டும் பார்த்தோம். செலவு குறைவு, பலன் அதிகம். லைப்ரரிகள்-முதலில் வழியில் போகிறவர்கள் இதைச் சேர்த்துக்கொள்ளலாம்.

லாக் கோப்பு ஏன் வேண்டும் என்று இன்னும் கேட்கிறவர்களுக்கு 2021-இல் எங்களுக்கு நடந்ததைச் சொல்கிறேன். அப்போது ஜாங்கோ 2.2. கோடில் ஒரு எழுத்துகூட மாறவில்லை, சர்வரை மட்டும் புதிதாகக் கட்டினோம். சைக்கோப்ஜி2-க்கு நாங்கள் எண் எழுதவில்லை. அந்த ஜூனில்தான் அதன் 2.9 வந்திருந்தது, ஜாங்கோ 2.2-க்கு அது ஒத்துவராது. டேட்டாபேஸ் இணைப்பு யுடிசியில் இல்லை என்று சொல்லி எல்லாப் பக்கமும் நின்றது. போன் வந்தது: "ஏனுங் தம்பி, நேத்து ஓடுனது இன்னைக்கு எதுக்குங் நின்னுது?" பதில் சொல்ல முடியவில்லை, ஏனென்றால் நேற்று எது ஓடியது என்பதே எங்களிடம் எழுதி வைக்கப்படவில்லை. ஒரு டி-ஷர்ட்டின் உடம்புக்கு ஒரு லாட், கழுத்து ரிப்புக்கு வேறு லாட் போட்டால் ஷேடு காட்டிக்கொடுத்துவிடும் என்று கட்டிங் மாஸ்டர் லாட் நம்பர் பார்த்துத்தான் துணி விரிப்பார். அதே ஆட்களுக்கு வேலை செய்யும் நாங்கள் லாட் நம்பர் எழுதாமல் விட்டிருந்தோம்.

கருவி எது என்பதில் எனக்குப் பெரிய பிடிவாதம் இல்லை. பிப்-டூல்ஸ், பொயட்ரி, யுவி மூன்றும் இந்த வேலையைச் செய்யும். கேட்டு வாங்கியவை ஒரு கோப்பில், கணக்கிட்டு வந்தவை இன்னொன்றில் என்று பிரிய வேண்டும். ஒரு லைப்ரரியை மட்டும் ஏற்றினால் மற்றவை அசையக் கூடாது. நாங்கள் யுவி எடுத்தோம், வேகத்துக்காக. பொயட்ரியில் ஏற்கெனவே இருப்பவர்கள் இதற்காக மாற வேண்டியதில்லை.

செத்துப்போன லைப்ரரிகள்

பாலமே கிடைக்காத சிலவும் இருக்கும்: எழுதியவர் விட்டுவிட்டுப் போய்விட்டார். யாராவது கிளை பிரித்து நடத்துகிறார்களா என்று முதலில் பாருங்கள். லாகினுக்கான ஜாங்கோ-ரெஸ்ட்-ஆத் நின்றபோது டிஜே-ரெஸ்ட்-ஆத் அப்படித்தான் எடுத்துக்கொண்டது. சின்னதாக இருந்தால் கோடை நம் அப்ளிகேஷனுக்குள்ளேயே கொண்டுவந்துவிடலாம்; எம்ஐடி, பிஎஸ்டி போன்ற உரிமம் என்றால் அந்த உரிமக் குறிப்பை அழிக்காமல் கூடவே வைக்க வேண்டும். இன்வாய்ஸ் தொகையை எழுத்தில் எழுதும் லைப்ரரியை அப்படிச் சேர்த்தோம். நாமே கிளை பிரித்து நடத்துவது கடைசி வழி. அது இன்னொரு மாட்டைத் தொழுவத்தில் கட்டுவது, தினமும் தீனி வைக்க வேண்டும்.

ஃபிரேம்வொர்க்கே அந்த வேலையை எடுத்துக்கொண்டிருந்தால் லைப்ரரியைத் தூக்கிவிடலாம். ஜேசன் வடிவ டேட்டாவைச் சேமிக்கும் ஜேசன்ஃபீல்டுக்காக ஒன்று வைத்திருந்தோம். ஜாங்கோ 3.1-லேயே எல்லா டேட்டாபேசுக்கும் அது உள்ளே வந்துவிட்டது. டேட்டாபேஸ் அட்டவணையை விவரிக்கும் மாடலில் மாற்றினோம், லைப்ரரியை நீக்கினோம், அந்த மாற்றத்தை டேட்டாபேசில் செய்யும் மைக்ரேட் அடித்தோம், விழுந்தது. ஐந்து வருடத்துக்கு முந்தைய மைக்ரேஷன் கோப்பு ஒன்று இன்னும் அந்த லைப்ரரியை இம்போர்ட் செய்துகொண்டிருந்தது. மாடலில் தேடுகிறவர்கள் மைக்ரேஷன் ஃபோல்டரிலும் தேட வேண்டும். அந்தப் பழைய கோப்புகளில் ஃபீல்டின் பெயரைக் கையால் மாற்றி, காலியான டேட்டாபேசில் முதலில் இருந்து ஓட்டிப் பார்த்தபிறகுதான் லைப்ரரியை அனுப்பினோம்.

நாங்கள் எடுத்தது

பைத்தானை 3.10-க்கு. பிறகு லைப்ரரிகள் ஒவ்வொன்றாக, ஒவ்வொரு மாற்றமும் தனியாகச் சர்வருக்கு. பிறகு ஜாங்கோ 4.2, ஒரு ஞாயிற்றுக்கிழமை. யாருக்கும் தெரியாமலே முடிந்தது என்று நினைத்தோம். காலையில் லாகின் பக்கம் 403, அதாவது அனுமதி இல்லை என்ற பிழை. ஜாங்கோ 4.0-இல் இருந்து நம்பகமான தளங்களின் முகவரியை எச்டிடிபிஎஸ் என்பதோடு சேர்த்து எழுத வேண்டும். நாங்கள் டொமைன் மட்டும் எழுதியிருந்தோம். பத்து நிமிட வேலை.

மூன்று வாரம் 4.2-இல் ஓட்டி, எச்சரிக்கைகளைத் துடைத்து, தீபாவளிக்குத் தொழிலாளர்கள் ஊருக்குப் போய் திருப்பூர் ரோடே காலியாகக் கிடந்த நாட்களில் 5.2-க்கு ஏற்றினோம். கம்பெனி திறந்த அன்று காலை சலான், லாட், ஆர்டர் ஷீட் எல்லாம் ஓடின. மதியம் வரை போனே வரவில்லை. சாயங்காலம் ஆறு மணிக்கு, ஷிப்ட் மாறும் நேரத்தில், செக்கிங் சூப்பர்வைசர் அக்கா கூப்பிட்டார்.

"தம்பி, உள்ளே எல்லாம் நல்லாத்தான் ஓடுதுங். வெளியே போகத்தான் விடமாட்டேங்குது."

லாக்அவுட் லிங்க். சாதாரண லிங்க்கை அழுத்தி லாக்அவுட் ஆவதை ஜாங்கோ 5.0-இல் நிறுத்திவிட்டார்கள், ஃபார்ம் வழியாகத்தான் போக வேண்டும். எச்சரிக்கை 4.1-லேயே வந்துவிட்டது. எங்கள் டெஸ்டுகளில் எதுவும் ஒரு தடவைகூட லாக்அவுட் செய்ததில்லை.